ஏத்தம் உனக்கு, எறக்கம் எனக்கு

பாசமுள்ள அருளண்ணே,

உன் கார் இப்போது நிற்கிறது. பிரேக்கை மிதித்த இடத்தில், மிதித்த உடனே நிற்கிறது. மற்ற எதையும் சொல்வதற்கு முன்னால் இதை உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. விபத்து, வெள்ளம், மண்சரிவு என்று எத்தனையோ இடங்களில் நின்று பத்திரிகைக்காகக் குறிப்பெடுத்தவள் நான். கை நடுங்காமல் எழுதுகிறாள் என்று பெயர் வாங்கியவள். அந்தப் பழக்கம் என் சொந்த வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கிறது. ஆகவே இதையும் நடந்தது நடந்தபடி சொல்கிறேன். "யாரு, எங்க, எப்ப, எல்லாம் இருக்கு. ஏன்னு மட்டும் எழுதமாட்ட" என்று என் செய்திகளைப் படித்துவிட்டுக் கேலி செய்வாய். இந்தக் கடிதத்திலும் அந்தக் குறை இருக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு உன் காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். அது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு பங்களாவின் பின்கொட்டகையில், கோழிகள் அடையும் கூண்டாகக் கிடந்ததை நீ வாங்கி, கொடைக்கானலுக்குக் கீழே இருக்கும் நம் ஊர் பள்ளங்கிக்கு இழுத்து வந்தாய். ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துப்போட்டு, வருடக்கணக்கில் பாடுபட்டு, அது பிறந்தபோது இருந்ததைவிடப் பலமாக ஓடவைத்தாய். வில்பட்டி ஏற்றத்தில் அது வரும் சத்தம் கேட்டு, தோட்டத்தில் பூண்டு பிடுங்குகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

பிரேக்கை மட்டும் நீ தொடவில்லை. முன்சக்கரங்களில் டிஸ்க் எனும் மெல்லிய இரும்புத் தட்டு, பின்சக்கரங்களில் டிரம், நான்குக்கும் சேர்த்து பிரேக் ஆயில் போக ஒரே குழாய். எங்கே கசிந்தாலும் நான்கும் போய்விடும். "எஞ்சினுக்குச் செஞ்ச பூசையில பாதிய பிரேக்குக்குச் செய்யிலே" என்று ஜெரால்டு எத்தனை முறை சொல்லியிருப்பார்? வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருக்கும் உன் பள்ளிக்கூட நண்பர். அவரை எஞ்சின் பக்கம் விடுவாய், சக்கரத்தின் பக்கம் விடமாட்டாய். "அது ஒரிஜினல், கை வெக்காத" என்பாய்.

உனக்கும் மதினிக்கும் ஒரு வழக்கம் இருந்தது. மலையேறும்போது ஸ்டெல்லா மதினி ஓட்டுவார். இறங்கும்போது நீ ஓட்டுவாய். "ஏத்தம் உனக்கு, எறக்கம் எனக்கு" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாயாம். பள்ளங்கியிலிருந்து கொடைக்கானல் வரை மதினி கையில் இருக்கும் வண்டி, மலை இறக்கம் தொடங்கும் மூஞ்சிக்கல்லில் ஓரமாக நிற்கும். இருவரும் இறங்கி, ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வந்து இடம் மாறுவீர்கள். அங்கே கடை போட்டிருப்பவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. மதினிக்கு அது வேடிக்கையாக இருந்ததா என்று நான் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டி அடக்கும் டீச்சர், அந்த இடத்தில் ஒரு வார்த்தை பேசாமல் சாவியை நீட்டுவார்.

என்னோடு நீ வரும்போதெல்லாம் இறக்கம்தான். ஊருக்கு வந்து திரும்பும் என்னைத் திண்டுக்கல்லில் இறக்கிவிட நீயே வருவாய். நான் இடது இருக்கையில் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் தரையை அழுத்துவேன். அங்கே மிதிக்க ஒன்றும் கிடையாது. விரிப்பு அந்த இடத்தில் தேய்ந்து, நூல் தெரிந்தது. "இந்த வண்டிக்கு ரெண்டு பிரேக்குய்யா. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு எந் தங்கச்சிகிட்ட. அவளோடதுதான் நல்லாப் புடிக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தாய். உன் நண்பர்கள் எனக்கு ஹேண்ட்பிரேக் என்றே பெயர் வைத்தார்கள்.

நீ வளைவுக்கு முன் பிரேக்கை ஒரே மூச்சாக மிதிக்கமாட்டாய். இரண்டு முறை தட்டுவாய். டக், டக். மூன்றாவதாகத்தான் மிதிப்பாய். அது உன் ஸ்டைல் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தக் காலையைப் பற்றி ஒரு பத்தி மட்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்தபோது மழை பெய்துகொண்டிருந்தது. டவுன் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கீழே கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸில் உன் பக்கத்தில் மதினி. "எறங்கிக்கிட்டு இருக்கோம் செல்வி" என்று எனக்குப் போன் செய்தார். டம்டம் பாறையைத் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. அதுவரை அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாயாம். "அந்த வளைவுல புடி விட்டுப்போச்சு" என்றார்.  அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கார் பள்ளங்கியில் தகரக் கொட்டகைக்குள் நின்றது. மதினி அதை மேலே டவுன் வரை ஓட்டிக்கொண்டு போகலாம். ஆனால் திரும்பி வர முடியாது. திரும்பி வருவது இறக்கம்.

உன் மகன் ஜோயல் பெங்களூரிலிருந்து போனில் பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. வண்டியை அங்கே கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கிறேன், ஃப்ளாட்பெட் லாரி ஒன்று பேசிவிட்டேன் என்றான்.

"நான் ஓட்டிக்கிட்டு எறங்குறேன்டா" என்றார் மதினி.

"எம்மா, அந்த பிரேக்குலயா?"

"ஜெரால்டு அண்ணன மாத்தித் தரச் சொல்லியிருக்கேன்."

"மாத்துனா ஒரிஜினாலிட்டி போயிரும்மா. அப்பா அதுல ஒரு நட்டக் கூட மாத்த விடமாட்டாரு. லாரியில ஏத்திப் படுக்கவெச்சுக் கட்டிட்டா ஒரு கீறல் இல்லாம எறங்கிரும்."

 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லும் அதே குரலில் மதினி சொன்னார். "உங்கப்பாவப் படுக்கவெச்சுத்தான் எறக்குனாங்க. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே வந்தேன். இதையும் படுக்கவெச்சுத்தான் எறக்கணுமா?"

ஜோயல் லாரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

ஜெரால்டு ஒருநாள் வெள்ளனே வந்தார். தேவையான பாகங்களைக் கோயம்புத்தூரில் பழைய ரேஸ் வண்டிகளைச் செப்பனிடும் ஒருவரிடம் சொல்லி வரவழைத்திருந்தார். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வேலை பார்க்கும்போது அவர் எங்களோடு பேசவில்லை. உன்னோடுதான் பேசினார்.

"ஏலே அருளு, இத வந்து பாரு." பழைய பிரேக் ஆயிலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. "இது எண்ணெயா, கொடைக்கானல் மூடுபனியா? அம்புட்டு ஈரத்தையும் குடிச்சு வெச்சிருக்கு. எறக்கத்துல தட்டு சூடேறுனா இந்தத் தண்ணி கொதிக்கும். கொதிச்சா ஆவி. ஆவிய மிதிச்சா வண்டி நிக்குமாலே?"

நான் அப்போதுதான் கேட்டேன். "அதனாலதான் அண்ணன் ரெண்டு தடவ தட்டுவானா?"

"பின்ன என்ன, தாளமா போட்டான்? தட்டித் தட்டித்தான் அந்தப் பெடல மேல ஏத்திக்கிட்டு வருவான். புடிக்குமா புடிக்காதான்னு ஒவ்வொரு வளைவுலயும் கேட்டுப் பாத்துட்டுத்தான் திருப்புவான் பாவி."

முன்பக்க மெல்லிய தட்டுகளைக் கழற்றிவிட்டு, நடுவில் காற்றுப் போக இடைவெளி விட்ட தடித்த தட்டுகளை மாட்டினார். அவற்றை இரண்டு பக்கமும் நான்கு பிஸ்டன்களால் கவ்வும் காலிப்பர். பின்னால் டிரம்முக்குப் பதில் தட்டு. முன்னுக்கு ஒரு குழாய், பின்னுக்கு ஒரு குழாய் எனப் பிரித்தார். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்க வைக்கும். பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொண்டால் வண்டி சுற்றிவிடும் என்பதால், பின்னுக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்க ஒரு வால்வு. எல்லாம் முடித்துச் சக்கரத்தை மாட்டிச் சுற்றினால் கடகடவென்று சத்தம். உன் கம்பிச் சக்கரங்கள் புதிய காலிப்பரில் இடித்தன. ஜெரால்டு தலையில் கைவைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்தும் கை வெக்க விடமாட்டேங்குறான் டீச்சர்."

"வேற சக்கரம் மாட்டிருங்க. இத நான் கழுவி வெச்சுக்கிறேன்" என்றார் மதினி. வேறு சக்கரங்கள் வரும் வரை கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. கழற்றிய பழைய பாகங்களை மதினி மண்ணெண்ணெயில் துடைத்து, உன் சட்டை ஒன்றில் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்தார். ஒரிஜினல் எங்கும் போய்விடவில்லை, அண்ணே. அங்கே இருக்கிறது.

புதிய பிரேக்கை நேராக மலை இறக்கத்துக்குக் கொண்டுபோகக் கூடாதாம். வேகமாகப் போய் மிதித்து, ஆறவிட்டு, மறுபடி போய் மிதித்துப் பழக்க வேண்டும் என்றார் ஜெரால்டு. அதற்குச் சமதளம் வேண்டும். எங்களிடம் எங்கே இருக்கிறது சமதளம்? பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர் வரை அவரே ஓட்டிப் போனார். நானும் மதினியும் பின்னால் அவருடைய வேனில், அவர் பட்டறை ஆள் ஓட்ட, போனோம். அங்கே புல்வெளிக்குப் பக்கத்தில் ரோடு கொஞ்ச தூரம் படுத்துக் கிடக்கிறது. மதினி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தார். ஓட்டினார், மிதித்தார். ஓட்டினார், மிதித்தார். ஒவ்வொரு முறையும் டக், டக், பிறகு மிதி. முதல் தட்டுக்கே கார் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு நின்றது.

கேரட் மூட்டையோடு நின்றிருந்த ஒரு பெண் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார். "என்னக்கா, வண்டிக்கு விக்கலா? கொஞ்சம் தண்ணி குடுங்க!"

மதினி சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

"ஒரு தடவ தொட்டாப் போதும் டீச்சர். இது கேட்ட உடனே பதில் சொல்ற பிரேக்கு" என்றார் ஜெரால்டு.

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே" என்றார் மதினி.

ஜெரால்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செல்வி, ஒரு சேதி. வளைவுக்கு உள்ள போயி இப்பிடித் தட்டுனாங்கன்னா, ரோடு ஈரமா கெடந்தா, வண்டி இழுத்துக்கிரும். பள்ளத்துப் பக்கம் என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். நீதான் பக்கத்துல உக்காருவ. இன்னும் பழகல, ஜெரால்டே ஓட்டிக்கிட்டு வரட்டும்னு சொல்லிப் பாரு."

நான் மதினியிடம் சொன்னேன். ஜெரால்டின் வார்த்தைகளை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "பயமா இருந்தா நீ பஸ்ஸுல வா" என்றார்.

நான் பஸ்ஸில் போகவில்லை.

நாங்கள் இறங்கிய அன்று மழை இல்லை. ரோடு மட்டும் ஈரமாக இருந்தது. மூஞ்சிக்கல்லில் மதினி பழக்கதோஷத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கை கதவுப் பிடி வரை போய்விட்டது. காய்கறிக் கடைக்காரர் தராசிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன டீச்சரம்மா, ஆள் மாறலையா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, எடை போட்டிருந்த பீன்ஸை மறுபடி கூடையிலேயே கொட்டினார்.

"இல்லங்க. நானேதான்" என்றார் மதினி. கியரைப் போட்டார்.

பெருமாள்மலை தாண்டியது. ஊத்து என்ற ஊரும் தாண்டியது. ஒவ்வொரு வளைவிலும் டக், டக். ஒவ்வொரு தட்டுக்கும் என் தலை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டு, கையை ஆட்டி என்னவோ கேட்டார். நான் வலது காலை அழுத்திக்கொண்டே வந்தேன். ஒரு வளைவில் பின்சக்கரம் ஒரு கை அகலம் நழுவியது. மதினி ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கினார்.  பயம் வந்திருக்க வேண்டும். வந்ததா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை.

டம்டம் பாறைக்குக் கீழே அந்த வளைவு வந்தது. எந்த வளைவு என்று அவர் எனக்குக் காட்டியதில்லை. ஆனால் வரும் முன்பே தெரிந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். அதற்கு முன்வரை ஒரு கை கியரில்தான் இருந்தது. பிரேக்கை ஒரே ஒரு முறை தொட்டார். மெதுவாக, சரியான இடத்தில், ஒரு முறை. கார் தலையாட்டாமல் வேகம் குறைந்து, அந்த வளைவைச் சுற்றி வந்து, மறுபக்கம் நிமிர்ந்தது. பிடி விடவில்லை.

அதற்குப் பிறகு அவர் ஒரு வளைவிலும் தட்டவில்லை.

அடுத்து உன் டீக்கடை. இறங்கும்போது மட்டும் நீ நிறுத்தும் கடை. ஏறும்போது ஒருநாளும் நின்றதில்லை. "ஒரு டீய குடிச்சிட்டுப் போவோம்" என்பாய். நான் குரங்குகளைப் பார்த்துக்கொண்டு வண்டியிலேயே இருப்பேன். மதினி அங்கே நிறுத்தினார். கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் அடுப்பை ஏற்றினார். மதினி கடைக்குப் போகவில்லை. காரின் முன்சக்கரத்தருகே குனிந்து, கணப்புக்குப் பக்கத்தில் கை காட்டிக் குளிர் காய்வது போல, புறங்கையைச் சக்கரத்தருகே வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரமாக நான்கையும் சுற்றி வந்தார்.

"அம்புட்டாச் சுடல" என்றார்.

"என்ன பாக்குறீங்க மதினி?"

"உங்க அண்ணன் பாக்குறத. டீக்கு நிக்கிற மனுசனா அவரு? வீட்டுல டீத்தூளே வாங்க விடமாட்டாரே, காப்பிதான். இங்க ஒரு கிளாஸ வாங்கிக் கையில வெச்சுக்கிட்டு, சக்கரம் ஆறுற வரைக்கும் சுத்திச் சுத்தி வருவாரு. கெளம்பும்போது டீய அந்தச் செடிக்கு ஊத்திருவாரு."

கடைக்கார அம்மா சிரித்தார். "ஆமா, அந்தச் செடி எங்களுக்கு ரொம்ப நாள் கஸ்டமரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப ஆரம்பத்துலருந்தே உங்களுக்குத் தெரியுமா? பிரேக்கு சரியில்லன்னுதான் எறக்கத்த உங்களுக்குத் தரலன்னு?"

"மொதல்ல தெரியாது. பொம்பளைக்கு என்னத்தத் தெரியும்னு குடுக்கலன்னு நெனச்சேன். அந்தக் கோவம் கொஞ்ச நாள் இருந்துச்சு. இங்க வந்து அவரு சக்கரத்தத் தடவுறதப் பாத்த பெறகு தெரிஞ்சுபோச்சு."

"அப்பவே மாத்தச் சொல்லியிருக்கலாமே?"

கடைக்கார அம்மா நீட்டிய டீயை மதினி குடித்து முடித்த பிறகுதான் பதில் சொன்னார். "பயமா இருக்குன்னு அவரு வாயால ஒரு தடவ சொல்லட்டும்னு நான் இருந்தேன். எறக்கத்தயும் குடுங்கன்னு நான் கேக்கட்டும்னு அவரு இருந்திருப்பாரு. ரெண்டு பேருக்கும் வாய் வரல. சரி, எந்திரி, வெரசாப் போவோம்."

அவ்வளவுதான் அண்ணே. ஏன் என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். இது போதுமா? ஒரு தட்டும் ஒரு குழாயும் மாற்றினால் தீர்ந்துவிடுகிற விஷயத்துக்கு ஒவ்வொரு இறக்கத்திலும் உன் உயிரை முன்னால் வைத்துக்கொண்டு போனாயே, அது அன்பா, வீம்பா? என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போனாயே, அது என்ன? ஹேண்ட்பிரேக் என்று சிரித்தபோதெல்லாம் உன் கால் பெடலில் ஆழம் பார்த்துக்கொண்டிருந்ததா? கேட்க ஆள் இல்லாதபோதுதான் எனக்குக் கேள்விகள் வரிசையாக வருகின்றன.

மலையடிவாரத்துக் காட்ரோடு வந்ததும் ரோடு படுத்துவிட்டது. வெக்கை மேலே ஏறியது. மதினி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.  நான் குனிந்து பார்த்தேன். என் வலது கால் இன்னும் அந்தத் தேய்ந்த விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. வண்டி நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது. எடுக்கப் பார்த்தேன், தொடை இறுகிப்போய் வரவில்லை. கையால் தூக்கி வைத்தேன். அப்போது தொண்டையில் ஏதோ அசைந்தது. அழுகை என்று நினைத்தேன். இருமல்தான் வந்தது.

மதினி இறங்கிச் சுற்றி என் பக்கம் வந்தார். கதவைத் திறந்து, சாவியை நீட்டினார்.

"திரும்பிப் போகையில நீ ஓட்டு."

"நானா? எனக்கு இந்த வண்டி ஓட்டத் தெரியாது மதினி."

"பழகு. ஏத்தம் உனக்கு, எறக்கம் எனக்கு."

உன் குரலில் சொல்லவில்லை. அவருடைய குரலில்தான் சொன்னார். நான் இறங்கிச் சுற்றிப் போனேன். எங்கள் இருவருக்கும் நடுவில் கார் நின்றது.

அன்று மலை ஏறும் வரை எஞ்சினை எத்தனையோ தடவை அணைத்துவிட்டேன். மதினி அதட்டினார். முதல் கொண்டை ஊசி வளைவில் என் காலும் டக், டக் என்றது. யாரும் எனக்குச் சொல்லித் தராத பழக்கம். பக்கத்தில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கார் பெங்களூருக்குப் போகவில்லை, இப்போது பள்ளங்கியில், அதே கொட்டகையில் இருக்கிறது. ஜோயல் கிறிஸ்மஸுக்கு வந்து ஓட்டிப் பார்க்கப் போகிறானாம். மதினி அவனிடம் ஏற்றம் மட்டும் என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன், அண்ணே. மதினி இறங்கும்போதெல்லாம் நான் இடது இருக்கையில் உட்கார்ந்து வருவேன். அந்த வளைவிலும் உட்கார்ந்திருப்பேன். மிதிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் மிதிப்பதை மட்டும் நிறுத்திவிடுவேன். காலுக்குத் தெரியக் கொஞ்சநாள் ஆகும்.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கையில் இருந்த ஹேண்ட்பிரேக்,
உன் தங்கச்சி செல்வி